வானில் நகரும் வெளிச்சம்



1979-ஆம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் 'ஸ்கைலேப்' விண்வெளி நிலையம் விழப் போகிறது என்று செய்தி வந்தது. தலையில் விழுமோ என்று நம் நாட்டிலும் பலர் பயந்தார்கள். அதன் துண்டுகள் இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவிலும் விழுந்தன. யாருக்கும் காயம் இல்லை.

இன்றும் வானில் ஒரு விண்வெளி நிலையத்தைப் பார்க்கலாம். அதன் பெயர் பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். 2025-இல் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே தங்கினார்.

அதை எப்படி அடையாளம் காண்பது? விமான விளக்கு விட்டுவிட்டு எரியும். எரிநட்சத்திரம் நொடியில் மறையும். இது சிமிட்டாமல், சத்தமில்லாமல், சில நிமிடம் சீராக நகரும்.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? தரையில் இருட்டிய பிறகும் அவ்வளவு உயரத்தில் வெயில் அடிக்கும். அந்த வெயில் பட்டுத்தான் நிலையம் மின்னுகிறது. பூமியின் நிழலுக்குள் போனதும் மறைகிறது. ஆகவே மாலை இருட்டியதும், விடிவதற்கு முன்பும் பாருங்கள்.

நகரும் வெளிச்சத்தைக் கண்டால் பயம் வேண்டாம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள்.