தறிச் சத்தத்தில் தெரியாமல் போனது

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

கடன் வசூல் பேசுற கூட்டத்தில எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கினதுக்கு நன்றிங்க.

எங்க வீட்டில நாலு தறி ஓடுது. தறி ஓடுற வீட்டில யார் கூப்பிட்டாலும் காதில விழாது, தொட்டுத்தான் கூப்பிடுவோம். அதனால 2003-ல பொறந்த என் மகளுக்குக் காது கேக்கலைங்கிறது மூணு வயசு வரைக்கும் எங்களுக்குத் தெரியலை. ஒரு நாள் கரண்ட் போன நேரம், அவ முதுகுக்குப் பின்னாடி சோத்துக் குண்டா விழுந்துச்சு. எல்லாரும் திடுக்கிட்டோம். அவ மட்டும் திரும்பலை. "சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும்"னாங்க மாமியார். கோயிலுக்கு மணி வாங்கிக் கட்டறதா வேண்டிக்கிட்டோம்.

2008-ல பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். "இந்த மாதிரிப் புள்ளைக்கு வேற பள்ளிக்கூடம் இருக்கும்மா"ன்னு அனுப்பிட்டாங்க. எங்கேன்னு சொல்லலை. எங்க வீட்டுக்கு "ஊமைப்புள்ள வீடு"ன்னு அடையாளம் வந்ததுதான் மிச்சம். ஏழு வயசிலதான் வெளி மாவட்டத்தில ஒரு காது கேளாதோர் பள்ளி விடுதியில சேர்த்தேன். விட்டுட்டு வந்த அன்னிக்கு பஸ்ஸில அழுததை இப்பவும் மறக்கலை.

அங்கே இருந்த டீச்சர்கிட்ட, இந்தப் படிப்பெல்லாம் புதுசா வந்ததான்னு கேட்டேன். சிரிச்சாங்க. நம்ம மகளிர் குழுக்கள் தர்மபுரியில ஆரம்பிச்சது 1989-ல. அதுக்கு 99 வருஷம் முந்தி, 1890-லயே பாளையங்கோட்டையில ஆஸ்க்வித் என்ற அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியிருக்கிறார். அதே ஊரில் 1897-ல் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற அம்மையார் காது கேளாதோருக்குப் பள்ளி ஆரம்பித்தார். ரெண்டு பேரும் கடல் கடந்து வந்த பெண்கள். அந்தப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன.

மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு இன்னும் தாமதம். சென்னையில் பால விகார் 1953-ல் தான் வந்தது. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-ல் ஆரம்பித்த ராமகிருஷ்ணன், கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். இப்படி நல்லவங்க தொடங்கின பள்ளி எங்கேயோ தூரத்தில இருந்துச்சு. விவரம் தெரிஞ்ச வீட்டுப் புள்ள போச்சு, மத்தது திண்ணையில இருந்துச்சு.

சாதாரணப் பள்ளியிலேயே இவர்களையும் படிக்க வைக்க மத்திய அரசு 1974-ல் திட்டம் போட்டது. 1995-ல் சட்டமே வந்தது. 2008-ல என்னைத் திருப்பி அனுப்பினப்போ அந்தச் சட்டம் இருந்திருக்குங்க! எனக்கும் தெரியலை, அனுப்பினவருக்கும் தெரியலை. 2016 சட்டப்படி, ஊனம் 40 சதவீதத்துக்குக் குறையாத பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். 21 வகைக் குறைபாடுகள் இதில் வருகின்றன. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். எழுந்து வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பார்கள்.

காது விஷயத்தில மட்டும் நாள் தள்ளக்கூடாது. அரசு மருத்துவமனையில பெரா டெஸ்ட் எடுத்தா கைக்குழந்தைக்கே தெரிஞ்சுடும். காதுக்குள்ள கருவி வைக்கிற காக்ளியர் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில ஆறு வயசுக்குள்ளதான். அப்புறம் பேச்சுப் பயிற்சிக்கு விடாம கூட்டிப் போகணும். அதுக்குக் கூலி வேலை கெடும், அதையும் சொல்லிடறேன்.

என் மக இப்ப திருப்பூர்ல வேலைக்குப் போறா. வீடியோ காலில கையாலேயே பேசுவா. நானும் பதிலுக்குக் கையாட்டுவேன், பாதி தப்பு, திட்டுவா.

இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்னா, போன வாரம் ஒரு குழுவுக்குப் போயிருந்தேன். தறிக்குப் பக்கத்திலயே தொட்டில் கட்டியிருந்தாங்க. நாலு வயசு முடிஞ்ச பையன், பேச்சு வரலை. அவங்க பாட்டி "லேட்டாத்தான் பேசுவான்"னாங்க.

வியாழக்கிழமை நான் அவங்களைக் கூட்டிக்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். காலையில ஆறரை பஸ். துணைக்கு யாராவது ரெண்டு பேர் வாங்க. தீர்மான நோட்டில பேரை எழுதிக்கலாம்.