போன் தானே சரியாகும்... எதுவரைக்கும்?

(உழவர்கரையில் நடந்த மக்கள் சேவை விழிப்புணர்வுக் கூட்டத்தில் பேசியது)



"ஸ்மார்ட் போன்தானே, வைரஸ் வந்தா அதுவே பாத்துக்கும்" என்று நிறைய பேர் சொல்கிறார்கள். அதில் பாதி உண்மை.

ஆண்ட்ராய்டு போன் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும், தன் இயங்குதளத்தில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று சோதிக்கிறது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல், அந்தப் பகுதியில் வரும் சின்னச் சின்னப் பழுதைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. பல போன்களில் இயங்குதளத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஒன்றில் போன் ஓடும்போதே இன்னொன்றில் அப்டேட் ஏறும். புதியது சரியாக எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். நமக்குத் தெரியக்கூட தெரியாது.

ஆனா, வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் சலான்', 'கல்யாணப் பத்திரிகை' என்று ஏபிகே ஃபைல் வருதே, அது இயங்குதளத்தை உடைப்பதில்லை. நாமேதான் இன்ஸ்டால் செய்து, எஸ்எம்எஸ் படிக்க 'அலோ' கொடுக்கிறோம். போனுக்கு அது பழுது இல்லை. வீட்டுக்காரரே கூட்டி வந்த விருந்தாளி! ஓடிபியைப் படித்து வெளியே அனுப்பினாலும் போன் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும்.

பெரிய கணினிகளுக்கும் இந்த எல்லை உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. ஓ.பி. பதிவு, பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் பேனா, பேப்பருக்குப் போனது. நம்ம ஜிப்மர் வரிசையில் நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் கைகொடுத்தது தாக்குதலில் சிக்காத பேக்கப் சர்வர். அதிலிருந்த தரவைப் புதிய சர்வர்களில் ஏற்றினார்கள்.

உங்க போட்டோ, கான்டாக்ட்டுக்கும் அப்படி ஒரு நகல் போனுக்கு வெளியே இருக்கணும். அதே போனில் இன்னொரு ஃபோல்டரில் வைத்தால் அது பேக்கப் ஆகாது.

ஏபிகே ஏற்கெனவே ஏறிடுச்சா? முதலில் ஏரோபிளேன் மோடு, வைஃபையும் ஆஃப். பிறகு சேஃப் மோடில் போனைத் திறங்க. நாம் ஏற்றிய ஆப்கள் அங்கே ஓடாது. அந்த ஆப்பை எடுத்துவிடலாம். எடுக்க முடியவில்லை என்றால் ஃபேக்டரி ரீசெட்தான் வழி. அப்போதுதான் பேக்கப்பின் அருமை தெரியும். பணம் போயிருந்தால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருக்கும் வேறு போனிலிருந்து உடனே 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில் போனைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

சேஃப் மோடு போகும் வழி போனுக்குப் போன் மாறும். கூட்டம் முடிந்ததும் போனோட முன்னாடி வாங்க, செய்து காட்டுகிறேன்.