எந்திரத்தின் வயிற்றில் நெருப்பு



ரோபோக்களை மோதவிடும் போட்டிகளை உங்களில் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். பிரிட்டனில் ‘ரோபோ வார்ஸ்’ 1998இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அமெரிக்காவின் ‘பேட்டில்பாட்ஸ்’ 2000இல் வந்தது. மனித உருவமெல்லாம் கிடையாது. சக்கரம் வைத்த உலோகப் பெட்டிகள்தாம். பேட்டில்பாட்ஸில் ஒவ்வொன்றும் 250 பவுண்டு வரை, அதாவது சுமார் 113 கிலோ இருக்கலாம். மூன்று நிமிட மோதல். தீப்பொறி பறந்தால் கூட்டம் கைதட்டும். மின்கலனிலிருந்து புகை கிளம்பினால் ஏற்பாட்டாளர்களின் முகம் மாறிவிடும்.

தொடக்க காலத்தில் ஈய அமில மின்கலனும் நிக்கல் காட்மியமும்தான் பயன்பட்டன. கனம் அதிகம், ஆனால் அடி தாங்கும். இன்று பெரும்பாலும் லித்தியம் பாலிமர். எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் அதற்கு இரும்புக் கூடு இல்லை, மெல்லிய உறை மட்டுமே. உள்ளே நேர் தகட்டையும் எதிர் தகட்டையும் பிரித்து வைப்பது தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம். அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே மின்கசிவு, சூடு, பிறகு தீ. ஓர் அறையின் சூடு பக்கத்து அறையையும் பற்றவைக்கும். காற்றை அடைத்து அணைத்துவிடலாம் என்றால் நடக்காது. புகையும் நச்சு.

எதிராளியின் சுழலும் கத்திதான் மின்கலனைக் கிழிக்கும் என்று நினைக்கிறோம். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. சொந்த ரோபோவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணியின் முனையே போதும். ரோபோ சுவரில் மோதி நின்றாலும் கட்டாத மின்கலன் நிற்பதில்லை. பேருந்து சட்டென்று நிற்கும்போது நின்றுகொண்டிருப்பவர் முன்னே போய் விழுவதைப் போலத்தான்.

ஆகவே மின்கலனுக்குத் தனிப் பெட்டி வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் நல்லது. அலுமினியம் என்றால் உட்புறத்தில் மின்சாரம் கடத்தாத பொருளை ஒட்ட வேண்டும். விளிம்புகளை அரத்தால் தேய்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் நுரைப்பஞ்சு. ஆனால் நசுக்கி அடைக்கக்கூடாது, மின்கலன் வேலை செய்யும்போது சற்று உப்பும். குறுகிய கேபிள் டையை இறுக்கினால் அதுவே உறையை வெட்டும். அகலமான வெல்க்ரோ பட்டை மேல். ஒயர் பெட்டியை விட்டு வெளியேறும் துளையில் ரப்பர் வளையம், ஒயரிலும் கொஞ்சம் தளர்ச்சி. பெட்டியின் இடம் ரோபோவின் நடுவில், ஆயுதத்துக்கு எட்டாமல்.

இதெல்லாம் எடை. சிக்கலே அங்கேதான். பலர் தொடங்கும் சிறிய பிரிவு ஒன்றில் மொத்த எடை 3 பவுண்டு, ஏறக்குறைய 1,360 கிராம். மின்கலனுக்குப் பெட்டியா, கத்திக்கு இன்னும் கொஞ்சம் கனமா என்று கேட்டால் இளைஞர்கள் கத்தி பக்கம்தான் சாய்வார்கள். அதில் ஓர் ஆட்டம் வெல்லவும் கூடும். ஆனால் ஆட்டம் முடிந்த பிறகு திருகுளியோடு குனிந்து ரோபோவைத் திறப்பது யார்? செய்த பிள்ளைதானே! அதனால்தான் மூடியைக் கழற்றாமலே மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி வேண்டும் என்று போட்டி விதிகள் வற்புறுத்துகின்றன. மின்கலனையும் இரண்டு மூன்று திருகாணியில் வெளியே எடுக்க முடிய வேண்டும்.

எடுத்ததும் பாருங்கள். உப்பியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா, இனிப்பு கலந்த வாடை வருகிறதா? ஏதாவது ஒன்று இருந்தாலும் அதற்கு மறுபடி மின்னேற்றம் செய்யக்கூடாது. மணல் வாளியில் போட்டுத் திறந்த வெளிக்குக் கொண்டுபோக வேண்டும். சில நிமிடம் சும்மா இருந்துவிட்டுப் பிறகு பற்றிக்கொள்வதும் உண்டு.

நல்ல மின்கலனுக்கும் மின்னேற்றும்போது கவனம் தேவை. சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குள் மின்ஸ்கூட்டர் மின்கலன் தீப்பற்றிய செய்திகள் நமக்குப் புதிதல்ல. அதுவும் லித்தியம் குடும்பம்தான். ஒவ்வோர் அறைக்கும் 4.2 வோல்ட்டுக்கு மேல் போகாமல் சமன்படுத்தும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும். படுக்கையறையில், இரவில், ஆள் இல்லாமல் வேண்டவே வேண்டாம். அடுத்த போட்டிக்கு நாளிருந்தால் முழுதாக ஏற்றி வைக்காமல் அறைக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் நிறுத்தி, எளிதில் தீப்பிடிக்கும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள்.