கணக்கில் வாராத உயிர்கள்
(பொழிவின் எழுத்து வடிவம்)



நிலம் என்றவுடன் பட்டாவையும் எல்லைக் கல்லையும் விலையையும் எண்ணுவது இன்றைய வழக்கமாகிவிட்டது. நானோ, அந்நிலத்தில் நமக்கு முன்பே குடியேறிவிட்ட உயிர்களைப் பற்றிப் பேச வந்துள்ளேன்.

கட்டடம் எழுப்ப இசைவு கேட்பவரிடம் நம் அலுவலகங்கள் பல கேள்விகளைக் கேட்கின்றன. சாலை எத்தனை மீட்டர் அகலம்? சுற்றிலும் விட்ட இடம் எவ்வளவு? ஊர்தி நிறுத்த இடமுண்டா? மழைநீர் சேர்க்க வழியுண்டா? இவை யாவும் வேண்டிய கேள்விகளே. ஆனால், ‘இம்மண்ணில் இன்று வாழ்வன எவை? நீ கட்டி முடித்தபின் எஞ்சுவன எவை?’ என்று கேட்பார் உளரா? 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புடைய பெருங்கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் இசைவை 2006-ஆம் ஆண்டின் நடுவணரசு அறிவிக்கை கட்டாயமாக்கியது. அதற்குக் கீழ்ப்பட்ட எண்ணற்ற மனைகளில் அக்கேள்விக்கே இடமில்லை.

கேளாமையின் விளைவைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சென்னையின் தென்பால் உள்ள பள்ளிக்கரணையைப் பாருங்கள். அதனை நம் முன்னோர் கழுவெளி என்றழைத்தனர். முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் அங்கு வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாக வடிந்து, கோவளம் கழிமுகத்தில் கடல் சேரும். கோரையும் சம்பும் மண்டிய அவ்வெளியில் பூநாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் தாழைக்கோழியுமாக நூற்றுக்கு மேற்பட்ட பறவையினங்கள் காணப்பட்டுள்ளன. அரை நூற்றாண்டுக்கு முன் ஏறத்தாழ 5,000 எக்டேர் பரந்திருந்த நிலம் அது! அதன் பெரும்பகுதி இன்று எங்கே? ஒரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு, ஒரு பக்கம் பழைய மாமல்லபுரச் சாலையின் கண்ணாடி மாளிகைகள், இடையிடையே அடுக்ககங்கள், குறுக்கே சாலைகள். 2015 திசம்பரிலும் 2023 திசம்பரிலும் வேளச்சேரியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நீர் வீடு புகுந்ததே, அது வழி தவறி வந்த நீரா? தன் பழைய வீட்டைத் தேடி வந்த நீர் அன்றோ!

இவ்வழிவிற்கு ஒரு சொல்லும் துணைபோயிற்று. புறம்போக்கு என்பது தூய தமிழ்ச்சொல். வரிக்கணக்கிற்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட நிலம் என்பதே அதன் பொருள். மேய்ச்சலுக்கும் நீருக்கும் ஊர்ப்பொதுவிற்கும் உரியது என்பதனால் அது வரிக்குப் புறம்பாயிற்று. வெள்ளையர் ஆட்சியின் வருவாய்க் கணக்கோ, வரி தராத நிலத்தை வீண்நிலம் என்று கண்டது. அப்பார்வையை அவர்கள் போனபின்னும் நாம் விடவில்லை. ‘சும்மா கிடக்கும் நிலம்’ என்று ஒருவன் கைகாட்டும்போது, அங்கே ஓராயிரம் உயிர்கள் உழைத்துக் கொண்டிருப்பதை அவன் கண் காண்பதில்லை.

சட்டமே இல்லையா எனின், உண்டு. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாகப் பொதுவிற்கு ஒப்படைக்கச் சொல்கின்றன. நன்று. ஆனால், திறந்தவெளி வேறு, உயிர்வெளி வேறு. குளத்தைத் தூர்த்துப் புல்தரை விரித்து ஊஞ்சல் கட்டினாலும் விதி நிறைவேறிவிடும். குளத்துத் தவளைக்கு அதனால் என்ன பயன்?

இங்கிலாந்து நாட்டில் இதற்கொரு வழி கண்டுள்ளனர். அந்நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டம், கட்டுமானத்திற்கு முன் அந்நிலத்தின் வாழிடங்களை வகை, பரப்பு, நிலைமை ஆகியவற்றால் அளந்து மதிப்பிடச் சொல்கிறது. கட்டியபின் அம்மதிப்பு முன்னிருந்ததைவிடப் பத்து விழுக்காடேனும் கூடியிருத்தல் வேண்டும். மனையிலேயே இயலாதெனில் வேறிடத்தில் ஈடு செய்தல் வேண்டும். அவ்வீட்டை முப்பது ஆண்டுகள் பேணுதல் வேண்டும். அதற்கான திட்டத்தை உள்ளூர்த் திட்ட அமைப்பு ஒப்பும்வரை வேலையைத் தொடங்கலாகாது. பெருங்கட்டுமானங்களுக்கு 2024 பிப்பிரவரி 12 முதல் இது நடப்பிற்கு வந்தது. உள்ளூர் மன்றங்கள் இன்னும் மிகுதியாகவும் கேட்கலாம். கில்போர்டு நகர மன்றம் தன் திட்டத்தில் இருபது விழுக்காடு என்றே வரையறுத்தது.

அங்கும் குறையில்லாமல் இல்லை. சிறு மனைகளுக்கு விலக்களிக்கும் முயற்சி 2025-இல் எழுந்தது. முப்பது ஆண்டுகள் போய்ப் பார்த்துவர ஆளுண்டா என்ற ஐயமும் உண்டு. எனினும், அச்சட்டத்தின் நெறிமுறை ஒன்று நம் நெஞ்சில் பதியத்தக்கது. பழங்காடு போன்ற மீட்க முடியா வாழிடங்களை அவர்கள் இந்த ஈட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆயிரமாண்டுக் காட்டிற்குப் பத்து விழுக்காடு கூட்டித் தருவேன் என்பது ஏமாற்று என்று அறிந்துள்ளனர். கழுவெளியும் அத்தகையதே. பள்ளிக்கரணையை அழித்துவிட்டு, வேறோரிடத்தில் ஒரு பள்ளிக்கரணையை யார் வெட்டித் தரமுடியும்?

‘வீடற்ற தமிழன் எங்கே போவான்? பறவைக்காக அவனைத் தெருவில் விடுவதா?’ என்று கேட்பாருண்டு. முறையான கேள்விதான். அதற்கு என் விடை இது: வாணாள் முழுதும் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொட்டி, அரசின் இசைவுத்தாளை நம்பி, நீர்வழியில் வீடு வாங்கியவனும் தமிழனே. வெள்ளத்தில் அவன் கட்டிலின்மேல் நின்றபோது அந்த இசைவுத்தாள் அவனைக் காத்ததா? பறவைக்குக் கேடான இடம் மாந்தனுக்கும் கேடாகவே முடிந்தது. வீடு வேண்டும், ஆனால், மேட்டில் வேண்டும்.

2022-இல் பள்ளிக்கரணை இராம்சார் உடன்பாட்டின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது; பரப்பு ஏறத்தாழ 1,248 எக்டேர். 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் அத்தகைய நிலத்தின் நீர்மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டுமானத்தைத் தடுக்கின்றன. அதன் தாக்கப்பகுதி எதுவென வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை, ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான இசைவு தரலாகாது என்று பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. அறிவிப்பு வந்து மூன்றாண்டுகள் சென்றபின், தீர்ப்பாயம் தடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது! முதலில் எல்லை வரைதல், பின்பு இசைவு தருதல் என்பதன்றோ முறை? நாமோ முதலில் இசைவு, பின்பு எல்லை, இறுதியில் வழக்கு என்று நடத்துகின்றோம்.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை நான்கு. ஒன்று, ஒவ்வோர் உள்ளூர்த் திட்டமும் வரையப்படுமுன் அவ்வூரின் ஏரி, குளம், ஓடை, கழுவெளி, மேய்க்கால், தோப்பு அனைத்தும் அளக்கப்பட்டு, அவற்றின் உயிர்களோடு பதியப்படல் வேண்டும். இரண்டு, ஈடு செய்ய இயலாத நிலத்தில் எவ்விலைக்கும் இசைவு கூடாது. மூன்று, பிற மனைகளில் இழப்பைவிட மிகுதியாக ஈடு செய்யவும், அதனை முப்பது ஆண்டுகளேனும் பேணவும் கட்டுவோனே பொறுப்பாதல் வேண்டும். நான்கு, அவ்வீடு அதே ஆற்றுப்படுகையில், அதே ஊர் மக்களுக்குப் பயன்படுமாறு அமைதல் வேண்டும். வேளச்சேரியில் தூர்த்ததற்கு வேலூரில் மரம் நடுவது ஈடாகாது.

அன்பர்களே! இவற்றைக் கேட்கும் காலம் இதுவே. சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமென வகுக்கப்பட்டது. அதனையடுத்த இருபதாண்டுகளின் தலையெழுத்தை மூன்றாம் திட்டம் எழுதும். வரைவுத் திட்டத்தின்மேல் மக்கள் தம் மறுப்பையும் கருத்தையும் எழுதித் தர 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் இடந்தருகிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர்? வரைவும் வரைபடமும் ஊர்மக்கள் படித்தறியும் தமிழில் வரவேண்டும் என்று முதற்கண் கேளுங்கள். தம் ஊர் ஏரியின் பெயரைத் தம் மொழியில் காணும் உழவனும் மீனவனும், அது எங்கே சுருக்கப்பட்டுள்ளது என்பதை எந்தப் பொறியாளரினும் விரைந்து காட்டுவர். பின்பு, ஊருக்கு ஒரு குழுவாகக் கூடி, உங்கள் நீர்நிலைகளின் பெயர்களை ஒன்றுவிடாமல் எழுதுங்கள். அவற்றில் வாழ்வனவற்றை எழுதுங்கள். கையொப்பமிட்டு அலுவலகத்தில் கொடுத்துப் பெறுகைச் சீட்டும் வாங்குங்கள். எழுதப்படாத குளம்தான் முதலில் தூர்க்கப்படுகிறது.