விரலைக் கவ்விய சாட்சி
(ஹட்டனில் ஆற்றிய உரை)



ஒரே சாட்சியின் சொல்லை விசாரணையின்றி ஏற்றுத் தீர்ப்பு எழுதுவது நீதியாகாது. நோயாளியின் விரலைக் கவ்வும் பல்ஸ் ஒக்சிமீற்றர் என்னும் சிறு கருவியும் ஒரு சாட்சியே. அதையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

1974ஆம் ஆண்டில் யப்பானியப் பொறியியலாளர் தக்குவோ அயோயாகி உலகுக்கு அறிவித்த முறை இது. இருவகை ஒளிக்கதிர்களை விரலினூடே செலுத்தி, இரத்தம் ஏந்தியுள்ள பிராணவாயுவை நூற்றுவீதத்தில் மதிப்பிடுகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்த கருவி. அதைத் தூற்ற நான் வரவில்லை. ஆயினும் அது 90 என்று காட்டும்போது, உண்மை 86 ஆகவும் இருக்கலாம், 94 ஆகவும் இருக்கலாம்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதே, உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது வெள்ளையரிடம் நூற்றுக்கு 3.6 அளவீடுகளில், கறுப்பினத்தவரிடமோ 11.7! தோலின் கருமை கருவியை ஏமாற்றுகிறது. கருநிறத்தவரான நாம் இதை அயலார் செய்தியென்று தள்ளிவிடலாமா?

இனி நம் தோட்டங்களைப் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் கொழுந்து பறித்து விறைத்த விரலில் இரத்த ஓட்டம் குன்றும், கருவி தடுமாறும். லயத்து அறையின் விறகுப் புகையிலுள்ள நச்சுவாயு இரத்தத்திற் கலந்தால், அதையும் பிராணவாயுவென்றே கருவி எண்ணும். இரத்தசோகையுற்ற தாயிடமும் 98 காட்டும். கூடை நிறைந்திருக்கிறது என்று கூறுமேயன்றி, கூடைகள் எத்தனை என்று கூறாது.

ஆகவே, விரலைத் துடைத்துச் சூடேற்றி, எண் நிலைக்கும்வரை பொறுத்து அளக்கவேண்டும். மூச்சையும் எண்ணவேண்டும். வளர்ந்தவர் நிமிடத்துக்கு 30க்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நினைவு தடுமாறினாலோ, கருவி எதைச் சொன்னாலும் 1990க்கு அழைத்துப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். தமனி இரத்தப் பரிசோதனையே இறுதிச் சான்று.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே நோயுற்ற தொழிலாளியைப் பேணும் கடமையைத் தோட்டத்தின்மேற் சுமத்தியது. “எண் நன்றாயிருக்கிறது, லயத்துக்குப் போ” என்று மூச்சுத் திணறுபவரைத் திருப்பியனுப்பும் உரிமை எவருக்கும் இல்லை. அவ்வாறு சொல்லப்படும்போது, “மூச்சை எண்ணினீர்களா?” என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை!