தூரம் நின்ற பின் மருந்து வேண்டுமா?

(மாதர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயமாகும். பெண்களுக்குப் பெரும்பாலும் 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் தூரம் நின்றுவிடுகின்றது. சிலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் தெரிவதில்லை. பலருக்கோ திடீரென்று முகத்திலும் மார்பிலும் அனல் அடிக்கின்றது. நடு இரவில் சேலை நனைய வேர்க்கின்றது. தூக்கம் கெட்டு மனம் சிடுசிடுக்கின்றது. ஆண்பிள்ளைகள் “கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது” என்று சிரிக்கிறார்கள். மூத்த பெண்களோ “நாங்களெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா?” என்கிறார்கள். பொறுத்தது வாஸ்தவந்தான். ஆனால் வேறு வழியில்லாமல் பொறுத்தார்களேயொழிய, பொறுப்பதே நல்லதென்று ஆராய்ந்து பார்த்துப் பொறுக்கவில்லை.

இதற்குக் காரணம் என்ன? சினைப்பையானது ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரப்பது குறைந்துபோவதுதான். இதில் சாபமுமில்லை, பாபமுமில்லை. குறைந்ததை மருந்தாகக் கொடுத்தால் அனல் தணிகின்றது. எலும்பு தேய்வதும் மட்டுப்படுகின்றது. அப்படியானால் எல்லோரும் சாப்பிட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நாம் நம் புத்தியை உபயோகிக்க வேண்டியிருக்கின்றது.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து பிரித்தெடுத்த பிரிமாரின் என்னும் மருந்து அங்கே 1942-ல் விற்பனைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்னும் வைத்தியர், தூரம் நிற்பதே ஒரு வியாதி என்றும், மருந்து சாப்பிட்டால் என்றும் இளமையோடிருக்கலாம் என்றும் புத்தகம் எழுதினார். அது லட்சக்கணக்கில் விற்றது. அவருடைய ஸ்தாபனமோ மருந்துக் கம்பெனிகளிடம் பணம் பெற்றிருந்தது! 1975-ல் ஈஸ்ட்ரோஜனைத் தனியாகச் சாப்பிட்ட பெண்களுக்குக் கருப்பையில் புற்றுநோய் அதிகம் வருவதாகத் தெரிந்தது. அதன் பின்னர்தான் கருப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டின் என்னும் இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் பரவிற்று.

பிறகு அந்நாட்டு அரசாங்கமே பணம் செலவிட்டு, 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களை வைத்துப் பரீட்சை செய்தது. ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இந்த இரண்டு மருந்தும் சேர்ந்த மாத்திரை. மீதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2002 ஜூலையில், நன்மையைவிடக் கேடு அதிகமென்று கண்டு, குறித்த காலத்திற்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். மார்புப் புற்றுநோய் நூற்றுக்கு 26 பங்கு அதிகம் என்று பத்திரிகைகள் முழங்கின. பயந்துபோன பெண்கள் கூட்டங்கூட்டமாக மருந்தை விட்டார்கள்.

தோழர்களே! அந்த 26 என்பது என்ன கணக்கு? வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 10,000 பேருக்கு வருஷம் 30 பேர் வீதம் அந்நோய் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் 38 பேருக்கு வந்தது. அதாவது பதினாயிரத்தில் 8 பேர் அதிகம். பக்கவாதமும் 8 பேருக்கு அதிகம். இடுப்பெலும்பு முறிந்தவர்களோ 5 பேர் குறைவு. எட்டுப் பேர் அற்பமென்று நான் சொல்லவில்லை. 26 என்ற ஒரே எண்ணைக் கேட்டு ஓடுவதும் பகுத்தறிவல்ல, 8 தானே என்று அலட்சியம் செய்வதும் பகுத்தறிவல்ல என்கிறேன். மேலும் அப்பெண்களின் சராசரி வயது 63. தூரம் நின்று பல வருஷம் சென்றவர்களின் கணக்கை, 48 வயதில் அனலில் வேகிறவளுக்கு அப்படியே பொருத்தலாமா?

இன்று வைத்தியர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது இதுதான்: 60 வயதுக்குட்பட்டு, அல்லது தூரம் நின்று பத்து வருஷத்திற்குள், தொந்தரவு அதிகமாயிருப்பவளுக்கு, வேறு தடையில்லையானால், மருந்தால் நன்மையே அதிகம். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டோ பக்கவாதமோ கண்டவர்கள், காரணம் தெரியாத உதிரப்போக்குள்ளவர்கள் இதைத் தாமாகத் தொடக்கூடாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத வேறு மருந்துகள் உண்டு. ரத்தம் கட்டும் அபாயம் மாத்திரையைவிடத் தோலில் ஒட்டும் பட்டையில் குறைவு. இளவயதிலேயே சினைப்பையை எடுத்துவிட்டவர்களுக்கோ, தடையில்லையானால், இயற்கையாகத் தூரம் நிற்கும் வயது வரையில் மருந்து கொடுப்பதே முறை. இருதய நோய் வராமலிருக்கவென்றோ, இளமை திரும்புமென்றோ இதைச் சாப்பிடுவது வீண்.

ஆகவே தாய்மார்களே! வைத்தியரிடம் போனால் வாய்மூடி உட்காராதீர்கள். “எனக்கு இதனால் என்ன நன்மை? என்ன கேடு? எத்தனை பேரில் எத்தனை பேருக்கு? எவ்வளவு காலம் சாப்பிடுவது?” என்று கேளுங்கள். பதில் சொல்ல மாட்டேன் என்கிற வைத்தியரை விட்டு வேறு வைத்தியரிடம் செல்லுங்கள். வருஷத்திற்கொரு முறை மறுபடியும் யோசியுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குப் பல்வலி வந்தால் மாமியாரைக் கேட்டா மருந்து சாப்பிடுகிறீர்கள்? அவள் உடம்பு, அவள் தூக்கம், அவள் அபாயம். சாப்பிடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கவேண்டியவளும் அவளே. நீங்கள் செய்யவேண்டியது, வைத்தியருக்குக் கொடுக்கும் பணத்தை முணுமுணுக்காமல் கொடுப்பதும், அவளுக்குத் தூக்கமில்லாத இரவின் மறுநாள் அடுப்படி வேலையை நீங்கள் பார்ப்பதுந்தான் என்று கூறி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.