அப்பாவும் பள்ளிக்கூடம் போக வேண்டும்

(மும்பையில் நடந்த குடும்ப தின விழாவில் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)

"அப்பாக்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கோ" என்று காரியதரிசி பணித்தார். உபதேசம் செய்ய எனக்கு யோக்யதை இல்லை. நான் செய்த தப்பைச் சொல்கிறேன்.

டோம்பிவிலியில் காலை லோக்கலைப் பிடித்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வீடு திரும்புவேன். பையனின் பள்ளிக்கூட விஷயமெல்லாம் என் மனைவியின் டிபார்ட்மெண்ட். பீஸ் கட்டியதோடு என் கடமை முடிந்தது என்று இருந்தேன். ஒரு சமயம் அவள் தாயாரைப் பார்த்துக்கொள்ள பாலக்காடு போக நேர்ந்தது. ஓபன் டேக்கு நான் போனேன். "எந்த டிவிஷன்?" என்றார் வாட்ச்மேன். ஆறாம் வகுப்பு என்று மட்டும் தெரியும். பாலக்காட்டுக்குப் போன் செய்து கேட்டுச் சொன்னேன்.

டீச்சர் கணக்கு நோட்டைக் காட்டினார். போட்ட முறை சரி. போர்டைப் பார்த்து எழுதியதில் 3 எல்லாம் 8 ஆகியிருந்தது. "கண்ணைப் பரிசோதித்தீர்களா?" என்றார். நானோ மூன்று மாதமாக "கவனம் போதாது" என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்! அன்றே டாக்டரிடம் போனோம்; கண்ணாடி போட்டதும் சரியாயிற்று. "ஏண்டா சொல்லலை?" என்றேன். "நீ மார்க்கைத்தானேப்பா கேட்டே?" என்றான். பதில் சொல்லத் தெரியவில்லை.

சட்டமும் நமக்கு இடம் தந்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் நிர்வாகக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்; மொத்தத்தில் பாதி பெண்கள். மகாராஷ்டிரத்தின் 2011 கட்டணச் சட்டப்படி, உத்தேசக் கட்டணத்தைப் பெற்றோர்–ஆசிரியர் சங்கச் செயற்குழுவின் முன் வைக்க வேண்டும். பீஸ் அதிகம் என்று ரயிலில் புலம்புகிறோம். குழுவுக்குப் பெயர் கொடுக்கச் சொன்னால் நழுவுகிறோம்.

மாமிகள் செய்வதைப் பறித்துக்கொள்ளச் சொல்லவில்லை. பாதிச் சுமையை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். பாங்க், ஆடிட், இன்ஜினியரிங் என்று நமக்குத் தெரிந்ததை ஒரு மணி நேரம் வகுப்பில் போய்ச் சொல்லலாம். வெளியூரில் வேலை என்றால் டீச்சருக்கு நாலு வரி எழுதலாம்.

இன்று வீடு திரும்பியதும், குழந்தையின் டிவிஷன், வகுப்பு ஆசிரியர் பெயர், பக்கத்தில் உட்காரும் நண்பன் பெயர் மூன்றையும் மனைவியைக் கேட்காமல் எழுதிப் பாருங்கள். எழுத முடியாவிட்டால், அடுத்த ஓபன் டேக்கு இப்போதே லீவு போடுங்கள்.